படக்கதை வாசித்த மேயர்



1907ஆம் ஆண்டு நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராக ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். உயரம் 5 அடி 2 அங்குலம். ஆண்டுச் சம்பளம் 1,200 டாலர். ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கும் ஏழைகளுக்கு அந்தத் தீவுதான் அமெரிக்காவின் வாசல். டாக்டர் இமையைப் புரட்டிப் பார்ப்பார். அதிகாரி, கையில் எவ்வளவு பணம், யாரிடம் போகிறாய் என்று கேட்பார். வந்தவர் சொல்வதை அதிகாரிக்குப் புரியவைப்பது இவர் பொறுப்பு. பகலில் இந்த வேலை, இரவில் சட்டப் படிப்பு.

பெயர் ஃபியோரெல்லோ லாகார்டியா. பின்னாளில் 3 முறை தொடர்ந்து நியூயார்க் மேயராக இருந்தவர்.

தீவில் பார்த்த ஒரு சம்பவத்தைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வட இத்தாலியின் மலைப்பகுதியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். அவளுடைய வட்டார வழக்கு அங்கே யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. கேள்வி புரியாமல் அவள் தயங்கியதை மனநிலைக் கோளாறு என்று சந்தேகித்து ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். நல்லபடியாக வந்த பெண், பரிசோதனைகளுக்குப் பிறகு உண்மையிலேயே சித்தம் கலங்கிப்போனாள். செய்தி மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சொல் பிசகினால் நேயர் கடிதத்தில் ஒரு குட்டு விழும், அதோடு போயிற்று. அங்கே பிசகினால் ஒரு வாழ்க்கை.

லாகார்டியாவின் அப்பா அகீலே தென் இத்தாலிக்காரர்; அமெரிக்க ராணுவத்தில் பேண்டு வாத்தியக் குழுவின் தலைவர். அம்மா ஐரீன் திரியெஸ்தே நகரத்து யூதப் பெண். 1882இல் பிள்ளை பிறந்தது நியூயார்க்கில். வளர்ந்தது அரிசோனாவின் ராணுவக் குடியிருப்பில். ஒருநாள் அந்த ஊருக்கு ஓர் இத்தாலியர் குரங்கோடு இசைப்பெட்டி சுற்றிக்கொண்டு வந்தார். பையன்கள் ஃபியோரெல்லோவைப் பார்த்து, நீயும் அந்த ஜாதிதானே, உன் குரங்கு எங்கே என்று கேலி செய்தார்கள். அப்பாவோ அந்த இசைப்பெட்டிக்காரரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார். பையனுக்கு அப்பாவின் விருந்தைவிடக் கேலிதான் ஆழமாகத் தைத்திருக்க வேண்டும். மேயரான பிறகு, 1936இல், நியூயார்க் தெருக்களில் இசைப்பெட்டிக்காரர்களுக்கு உரிமமே கிடையாது என்று நிறுத்திவிட்டார். அவர் செய்தவற்றில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இது.

அரசியலில் அவருக்குக் கைகொடுத்தது நாக்கு. இத்தாலியம், ஜெர்மன், குரோவேஷியம், இத்திஷ் எல்லாம் பேசுவார். 1922இல் நாடாளுமன்றத் தேர்தல். எதிர்த்து நின்றவர் ஹென்றி ஃபிராங்க், யூதர். லாகார்டியா யூதர்களின் விரோதி என்று வாக்காளர்களுக்கு அஞ்சலட்டைகள் போயின. என் அம்மாவே யூதப் பெண்தான் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அப்படிச் சொல்லிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் எதிராளிக்கு ஒரு பகிரங்கக் கடிதம்: வாருங்கள், மேடையில் விவாதிப்போம், முழுக்க முழுக்க இத்திஷில்! நியூயார்க் யூத ஏழைகள் வீட்டில் பேசிய மொழி அது. பாவம், ஃபிராங்குக்கு அது தெரியாது. லாகார்டியா ஜெயித்தது வெறும் 168 ஓட்டில்.

நடுவில் நிறைய இருக்கிறது: முதல் உலகப்போரில் விமானப் படையில் பணி, 1921இல் காசநோய்க்குக் குழந்தையையும் மனைவியையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தது, 1929 மேயர் தேர்தல் தோல்வி. நேரம் போதாது, தாண்டுகிறேன். 1934 ஜனவரி 1 அன்று மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். பொருளாதார வீழ்ச்சியில் நகரம் நொடித்துக் கிடந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் பணத்தைக் கொண்டுவந்து பாலங்கள், பூங்காக்கள், ஏழைகளுக்கான குடியிருப்புகள் கட்டினார். சூதாட்ட இயந்திரங்களைச் சம்மட்டியால் தானே உடைத்தார். நியூயார்க் என்று அச்சிட்ட டிக்கெட்டோடு விமானத்தில் வந்தவரைப் பக்கத்து மாநிலத்து நியூவார்க்கில் இறக்கியபோது, இது நியூயார்க் இல்லை என்று இருக்கையைவிட்டு எழ மறுத்தார். 1939இல் நகரத்துக்குப் புது விமான நிலையமே வந்தது. இன்று அதன் பெயர் லாகார்டியா.

ரொட்டி திருடிய பாட்டிக்கு அபராதம் விதித்துத் தானே கட்டிய நீதிபதி என்று வாட்ஸ்அப்பில் இவரைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. அதை விட்டுவிடுவோம். பதிவில் இருப்பதே போதும்.

இப்போது என் மனசுக்குப் பிடித்த இடம். நியூயார்க் நகராட்சிக்கே சொந்தமாக ஒரு வானொலி நிலையம் இருந்தது. வீண் செலவு, மூடிவிடலாம் என்றுதான் லாகார்டியா பதவிக்கு வந்தார்! நல்லவேளை, மனம் மாறினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஞாயிறுதோறும் அதே நிலையத்தில் மக்களோடு பேசினார். இறைச்சி விலை ஏறியிருக்கிறது, மீன் வாங்குங்கள் என்பார். நிலக்கரியைச் சிக்கனப்படுத்தச் சொல்வார். கள்ள வியாபாரிகளை வெளுத்து வாங்குவார்.

1945 ஜூலையில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை படக்கதைப் பக்கம் வராமல் பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். மேயர் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, வாருங்கள் பிள்ளைகளே என்று கூப்பிட்டு, 'டிக் டிரேசி' துப்பறியும் படக்கதையை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். படத்தில் இருப்பதை விவரித்து, குரல் மாற்றி, துப்பாக்கி வெடிக்கும் இடத்தில் தானும் வெடித்து, கடைசியில் கெட்ட வழியில் வந்த பணம் தங்காது என்று புத்திமதியும் சொன்னார். இது லேசான காரியம் இல்லை, நேயர்களே. எங்கள் சிறுவர் நிகழ்ச்சியில் ஒரு படக்கதையை முயன்று பார்த்தோம். பேச்சுக் குமிழ்களை மட்டும் படித்தால் யார் பேசுகிறார் என்று புரியவில்லை. படத்தை விவரிக்கப் போனால் கதை நகரவில்லை. அந்த மேயர் இரண்டையும் ஒரே மூச்சில் செய்திருக்கிறார்.

அப்பழுக்கற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம்களிலிருந்து வெளிவந்த ஜப்பானிய வம்சாவளியினர் நியூயார்க்கில் குடியேறக்கூடாது என்று 1944இல் எதிர்த்தவரும் இவரே. குடியேறிகளின் பிள்ளை செய்தது இது.

அவருடைய அக்கா ஜெம்மா புடாபெஸ்டில் வாழ்ந்தார். 1944இல் நாஜிகள் பிடித்து ராவென்ஸ்புருக் முகாமில் அடைத்தார்கள், கணவர் இறந்துவிட்டார். போருக்குப் பின், உன்னைப் போல லட்சக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள், உனக்கு மட்டும் சலுகை கேட்க முடியாது என்று லாகார்டியா எழுதிவிட்டார். 1946இல் அகதிகளுக்கு உதவும் ஐக்கிய நாடுகளின் நிவாரண அமைப்புக்கு அவரே தலைவரானார். அப்போதும் ஜெம்மா வரிசையில் காத்திருந்து 1947இல்தான் நியூயார்க் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தம்பி புற்றுநோயால் காலமானார்.

நிலையக் கடிகாரம் என்னை முறைக்கிறது. அந்தப் படக்கதை வாசிப்பின் ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலம் முழுக்கப் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, பேரன் பேத்திகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கீச்சுக் குரலை ஒருமுறை கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.