படையைப் பிரியாத தளபதி

நபிகள் நாயகத்தின் தோழர்களுள் அபூ உபைதா ஒருவர். 'சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர்' என நாயகமே அவருக்குப் பெயர் சூட்டினார். பின்னர் கலீபா உமர், சிரியாப் படைகளின் தலைமையை மாவீரர் காலிதிடமிருந்து மாற்றி இவரிடம் ஒப்புவித்தார். தளபதியின் இல்லத்தைக் காணச் சென்ற உமர், வாள், கேடயம், சேணம் தவிர வேறு பொருள் காணாது மனம் நெகிழ்ந்தார் என்பர்.

639ஆம் ஆண்டில் பாலஸ்தீனத்து அம்வாஸில் தோன்றிய கொள்ளைநோய் படையினரிடையே பரவிற்று. இவரைக் காக்க விழைந்த உமர், அவசர அலுவல் இருப்பதாக எழுதி மதீனாவுக்கு அழைத்தார். அதன் உட்கருத்தை உணர்ந்த அபூ உபைதா, தம் வீரர்களை விட்டு வருதற்கியலாது எனப் பணிவுடன் மறுமொழி விடுத்தார். மடலைக் கண்ட உமர் கண்ணீர் உகுத்தாராம். சின்னாட்களில் அந்நோயே தளபதியின் உயிரையும் கொண்டது. நாயகம் சூட்டிய பெயர் இறுதிவரை பொய்க்கவில்லை.