தட்டுற சத்தத்தோட கார் ஓடலாமா?

(புதிதாக வந்தோருக்கான எமது ஆலோசனைச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் விசாரணையைப் பற்றியோ வதிவிட அட்டையைப் பற்றியோ பேச வரவில்லை. ஒரு காரின் அடிப்பக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் வேலை கிடைத்தவுடன் உங்களில் பலருக்கு இந்தச் சிக்கல் வரும். விடிய நாலரைக்குத் துப்புரவு வேலை தொடங்கும், அல்லது உணவகம் பூட்ட நடுச்சாமம் ஆகும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. தெரிந்த ஒரு அண்ணை சொல்லுவார்: "தம்பி, என்ர பழைய கார் சும்மாதான் நிக்குது. முன்சில்லுப் பக்கம் கொஞ்சம் தட்டும். சொக் அப்சோபர் போல. பயப்படாம ஓடு."

அந்தக் காரை ஓடலாமா? பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். ஓடக்கூடாது. கராஜில் ஒருவர் காரைத் தூக்கி, அடியில் பார்த்து, "இதை ஓடலாம்" என்று சொல்லும் வரைக்கும் ஓடக்கூடாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எங்கட பழக்கத்தைப் பற்றி. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் என்று வயதுபோன கார்களை எல்லாம் ஓட வைத்தோம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி இருக்கவில்லை. அது பெருமைப்படக்கூடிய கெட்டித்தனம்தான். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தை இங்கே கொண்டுவந்து பாவிக்க ஏலாது. குண்டும் குழியுமான றோட்டில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போனோம். இங்கே ஊருக்குள் 50, ஊருக்கு வெளியில் 80, ஓட்டோபானில் 120. வேகம் மூன்று மடங்கானால் மோதலின் சக்தி மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. 40இல் சில்லுக் கழன்றால் வயலுக்குள் போய் நிற்கலாம். 120இல் கழன்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, சஸ்பென்சன் என்பது என்ன? டொச்சில் இதை ஃபார்வெர்க் என்பார்கள். சில்லையும் காரின் உடலையும் இணைக்கிற பகுதி. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். சொக் அப்சோபர் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். போல் ஜொயின்ற் சில்லைத் திரும்ப விடும். இதைச் சொகுசுக்கான சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. ரயர் நிலத்தோடு ஒட்டி நின்றால்தான் பிறேக்கும் ஸ்ரேறிங்கும் வேலை செய்யும். சொக் அப்சோபர் பழுதானால் ரயர் துள்ளும். துள்ளுகிற ரயரில் பிறேக் பிடித்தால் கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். ஸ்பிரிங் உடைந்தால் அதன் கூர் முனை ரயரைக் கிழிக்கலாம். போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு மடங்கிப்போகும். பிறகு ஸ்ரேறிங்கைத் திருப்பிப் பிரயோசனம் இல்லை.

இந்த நாட்டில் இது ஏன் கூடுதலாகப் பழுதாகிறது? ஒரு காரணம் உப்பு. மாரியில் பனி உருகுவதற்காக றோட்டில் உப்புப் போடுவார்கள். ஆனையிறவு உப்பளத்துக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று எங்கட ஆக்களுக்குத் தெரியும். அதே மாதிரித்தான், உப்புத் தண்ணி அடியில் தெறித்துத் தெறித்து ஸ்பிரிங்கில் கறள் பிடிக்கும். வெளியில் பளபளவென்று கழுவி வைத்த காரிலும் அடியில் ஸ்பிரிங் வெடித்திருக்கலாம்.

நீங்களே கவனிக்கக்கூடிய அறிகுறிகள் சில உண்டு:

– மேடு பள்ளத்தில் அல்லது திருப்பும்போது "டொக் டொக்" என்று சத்தம்.
– காரின் ஒரு மூலை மற்றதை விடப் பதிந்து நிற்பது.
– ரயர் ஒரு பக்கம் மட்டும், அல்லது திட்டுத் திட்டாகத் தேய்ந்திருப்பது.
– சொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்த அடையாளம்.
– ஸ்ரேறிங் தானாக ஒரு பக்கம் இழுப்பது.
– பொனற் மூலையைக் கையால் அமத்தி விட்டால், கார் ஒருமுறை எழும்பி நிற்காமல் தொடர்ந்து ஆடுவது.

கடைசிச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். மிக மோசமான பழுதைத்தான் அது காட்டும். ஆடாமல் நின்றால் கார் நல்லது என்று அர்த்தம் இல்லை.

எல்லாப் பழுதும் ஒரே அளவு ஆபத்தானதல்ல என்பதும் உண்மை. தேய்ந்த சொக் அப்சோபரோடு ஒரு மெக்கானிக் உங்களை மெதுவாக வீட்டுக்கு அனுப்பக்கூடும். உடைந்த ஸ்பிரிங்கோடும், ஆடுகிற போல் ஜொயின்ற்றோடும் அனுப்பமாட்டார். ஆனால் வெளியில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டு எது எது என்று உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் காட்டுங்கள் என்கிறேன்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது? 1958ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், 29ஆம் பிரிவு: பாதுகாப்பான, விதிக்கு அமைவான நிலையில் உள்ள வாகனத்தை மட்டுமே ஓடலாம். 93ஆம் பிரிவு: பழுது இருப்பது தெரிந்தும் ஓடுபவருக்குத் தண்டம். தெரியாது என்றாலும், கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் தண்டம்தான். "கார் என்னுடையது இல்லை, அண்ணை தந்தவர்" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. அதே நேரம், தெரிந்துகொண்டு காரைக் கொடுத்த உரிமையாளரும் தண்டிக்கப்படலாம். ஆபத்தான நிலையில் உள்ள காரைப் பொலிஸ் அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கவும் முடியும்.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் இருக்குத்தானே என்று கேட்பீர்கள். காயப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும். ஆனால் கடுமையான கவனயீனம் என்று கண்டால், கொடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தா என்று அது கேட்கலாம். மற்றவரின் பிழை பெரிதாக இருந்தாலும், காரின் பழுதும் விபத்துக்குக் காரணமாக இருந்தால் உரிமையாளர் பொறுப்பிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. இது 59ஆம் பிரிவில் இருக்கிறது.

உங்கள் மனதில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும்: இதனால் என் புகலிடக் கோரிக்கை பாதிக்கப்படுமா? ஒரு தண்டப்பணத்தால் மட்டும் கோரிக்கை நிராகரிக்கப்படுவதில்லை. வீணாகப் பயப்படவேண்டாம். ஆனால் ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ அது குற்ற வழக்கு. அந்தத் தீர்ப்புப் பதிவில் இருக்கும். பிறகு பி அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு உயிரை வதிவிட அட்டையோடு ஒப்பிட ஏலாது.

தண்டனை பெரும்பாலும் ஸ்ராப்பெஃபேல் என்ற கடிதமாகப் பதிவுத் தபாலில் வரும். அதை எதிர்க்க 10 நாள்தான். தபால்காரர் துண்டு வைத்துவிட்டுப் போனால் 7 நாளுக்குள் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டாலும் கிடைத்ததாகவே கணக்கெடுக்கலாம். விளங்கவில்லை என்றால் கடிதத்தை அப்படியே எங்களிடம் கொண்டுவாருங்கள். மேசையில் வைத்துவிட்டு இருக்க வேண்டாம்.

இப்போது கஷ்டமான பகுதி. உதவி செய்த அண்ணைக்கு எப்படி "ஏலாது" என்று சொல்வது? இருக்க இடம் தந்தவர், வேலை எடுத்துத் தந்தவர். மறுத்தால் மனம் நோகும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணை, ஒருக்காக் கராஜில காட்டிப்போட்டுத் தாங்கோ, நான் ஓடுறன். ஏதும் நடந்தா உங்கட பேரும்தான் வரும்." இது மரியாதைக் குறைவு அல்ல. சட்டத்தின்படி அவரையும் காப்பாற்றுகிற வார்த்தை. வேலைத்தல வான் என்றால் முதலாளிக்கு வாயால் சொன்னதோடு நிற்காமல் வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதுங்கள். படமும் எடுத்து அனுப்புங்கள். எழுதியது அழியாது.

கராஜில் சொல்ல வேண்டிய வசனம்: "பிற்றே கொன்ட்றொலீரன் சீ டாஸ் ஃபார்வெர்க்." சஸ்பென்சனைப் பாருங்கள் என்று அர்த்தம். திருத்த முன்னர் "கொஸ்ரன்ஃபோர்அன்ஷ்லாக்" கேளுங்கள், அதாவது எவ்வளவு முடியும் என்ற எழுத்துக் கணக்கு. ஸ்பிரிங்கையும் சொக் அப்சோபரையும் ஒரு அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதுதான் வழமை. ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வழியில் பழுதானால் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். சில்லுப் பழுதான காரை லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வீதி உதவிக்கு 140, பொலிசுக்கு 117, அம்புலன்சுக்கு 144. ஓட்டோபான் என்றால் எல்லோரும் இறங்கித் தடுப்பு வேலிக்கு அங்கால் போய் நின்றுகொண்டு அழையுங்கள்.

கார் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விடயம். ஒன்று, எம்எப்கா என்ற அரச வாகனச் சோதனை. புதுக் காருக்கு ஐந்து ஆறு வருடத்தில் முதல் சோதனை, பிறகு 3 வருடத்தில், அதன்பின் 2 வருடத்துக்கு ஒருமுறை. விளம்பரத்தில் "அப் எம்எப்கா" என்று இருந்தால் சோதித்துத் தருகிறார்கள் என்று பொருள். வாகன அட்டையில் கடைசிச் சோதனைத் திகதியை நீங்களே பாருங்கள். 800 பிராங்குக்குச் சோதனை இல்லாத கார் மலிவு அல்ல. சோதனையில் தவறினால் திருத்தும் செலவு முழுக்க உங்கள் தலையில்.

இரண்டாவது, சமூக உதவிப்பணம் எடுப்பவர்கள் காரைத் தங்கள் பெயரில் பதிய முன்னர் சமூக உதவியாளரிடம் கட்டாயம் கேளுங்கள். பல இடங்களில் காரைச் சொத்தாகக் கணக்கெடுப்பார்கள். உதவிப்பணத்தில் கழிக்கவும் கூடும். மற்றவரின் காரை ஒவ்வொரு நாளும் பாவித்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

"அப்ப நான் வேலைக்கு எப்படிப் போறது?" நியாயமான கேள்வி. வேலைத்தலத்தில் உங்கள் ஊர்ப்பக்கம் இருந்து யார் வருகிறார்கள் என்று விசாரியுங்கள். முதல் பஸ் வரும் நேரத்தைக் காட்டி, அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கலாமா என்று முதலாளியிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் உங்களோடு சேர்ந்து கடிதம் எழுதித் தருவோம். கேட்டு இல்லை என்றால் ஒரு வேலை போகலாம். இன்னொரு வேலை தேட நாங்கள் கூட நிற்போம்.

தேத்தண்ணி வந்திருக்கிறது. குடித்துக்கொண்டே உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.