அடைப்புக் குறிக்குள் இருப்பவர்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "அரசியல் வேண்டாம், ஷேர் மார்க்கெட் வேண்டாம், சர்க்கரை வியாதி வேண்டவே வேண்டாம். வேறு எதைப் பற்றியாவது பேசுங்க சார்" என்றார். எங்கள் வயதுக்காரர்களிடம் இந்த மூன்றையும் எடுத்து விட்டால் மிச்சம் ரொம்பக் குறைவு. என்னிடம் மிச்சம் இருந்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் நாற்பத்துச் சொச்சம் எல்.பி. இசைத்தட்டுகள், கொஞ்சம் சின்ன 45கள்.

எல்லாம் என் சித்தப்பாவுடையவை. சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் கடைசி வரை கடலிலேயே கிடந்தவர். மற்றவர்கள் துறைமுகத்தில் இறங்கினால் நைலான் புடவையும் டிரான்சிஸ்டரும் வாங்குவார்கள். இவர் இசைத்தட்டு வாங்குவார். அதுவும் பீட்டில்ஸ் கீட்டில்ஸ் என்று எல்லோரும் வாங்குவது அல்ல. பெரும்பாலும் ஃபோக் ராக். மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: யார் எழுதியது என்றே தெரியாத பழைய நாட்டுப்பாடல்களையும், அந்த வழியில் எழுதப்பட்ட புதுப் பாடல்களையும் எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ் வைத்துப் பாடுவதற்குப் பெயர்தான் ஃபோக் ராக்.

சித்தப்பா காலமான பிறகு பெட்டி என் வீட்டுக்கு வந்தது. பழைய சாமான் வியாபாரி ஒருவர் பார்த்து விட்டுத் தராசை எடுத்தார். அவரை அனுப்பி விட்டேன். சித்தப்பா மகள் வெளிநாட்டிலிருந்து போனில் கேட்டாள்: "எல்லாந்தான் போன்லயே இருக்கேண்ணா, இதைப் போய் எதுக்கு வச்சுக்கிட்டிருக்கே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் மூன்று மாதமாக ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கேட்டேன். பழைய பிளேயரின் ரப்பர் பெல்ட் உருகிப் பசையாகி இருந்தது. அதை மாற்றினேன். தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுத் துடைத்தால் முக்கால்வாசி போய் விடுகிறது. துடைக்கும்போது தட்டின் நடுவில் உள்ள லேபிளில் தண்ணீர் படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும் இல்லையா? அப்படிப் பார்த்துக் கொண்டே இருந்ததில் லேபிளையும் படிக்க ஆரம்பித்து விட்டேன். என் பேச்சு முழுக்க அந்த லேபிளைப் பற்றித்தான்.

பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக் குறிக்குள் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். பாட்டை எழுதியவர் பெயர். நாட்டுப்பாடல் என்றால் அங்கே 'டிராட்' என்று போட்டு, பக்கத்தில் 'அரேஞ்ச்டு பை' இன்னார் என்று இருக்கும். அதாவது பாட்டு பரம்பரைச் சொத்து, யாருக்கும் சொந்தமில்லை. இசையமைப்பு மட்டும் இன்னாருடையது. ராயல்டி அந்த இன்னாருக்குப் போகும். இந்தப் பொடி எழுத்துக்குள் எத்தனை வழக்கு, எத்தனை மனத்தாங்கல் என்று தோண்டத் தோண்ட வந்து கொண்டே இருக்கிறது.

பெட்டியில் மேலாக இருந்தது 1965ல் வந்த பேர்ட்ஸ் குழுவின் முதல் எல்.பி., 'மிஸ்டர் டாம்பரின் மேன்'. அதே ஆண்டு பாப் டிலன் கிடாரையும் ஹார்மோனிகாவையும் வைத்துக் கொண்டு நிதானமாகப் பாடிய பாட்டை, இவர்கள் பன்னிரண்டு தந்திக் கிடாரில் கோவில் மணி மாதிரி கணகணவென்று வாசித்து, அமெரிக்கா, இங்கிலாந்து இரண்டிலும் முதலிடத்துக்குக் கொண்டு போனார்கள். ஒரு வேடிக்கை, அந்த சிங்கிளில் குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தவர் மெக்வின் ஒருவர்தான். மற்றதெல்லாம் கூலிக்கு வாசிக்கும் ஸ்டூடியோக்காரர்கள். டிலன் அந்த ஜூலையில் நியூபோர்ட் விழாவில் எலெக்ட்ரிக் கிடாரோடு ஏறிக் கூச்சல் வாங்கிய கதை 2024ல் சினிமாவாகவே வந்து விட்டது. அதை நான் வேறு சொல்ல வேண்டாம்.

அதற்கு அடுத்து 'சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்'. சைமனும் கார்ஃபங்கலும் 1964ல் அந்தத் தலைப்புப் பாட்டை வெறும் கிடாரோடு பாடி வெளியிட்டார்கள். சீந்துவாரில்லை. மனம் வெறுத்துப் போய் பால் சைமன் இங்கிலாந்துக்குக் கிளம்பி விட்டார். 1965 ஜூன் மாதம் தயாரிப்பாளர் டாம் வில்சன், டிலன் பாட்டுக்கு வாசிக்க வந்திருந்தவர்களில் சிலரை அப்படியே நிறுத்தி வைத்து, பழைய ஒலிப்பதிவின் மேல் எலெக்ட்ரிக் கிடாரையும் டிரம்ஸையும் ஏற்றினார். பாடியவர்கள் இரண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! மாப்பிள்ளையைக் கேட்காமலே முகூர்த்தம் வைத்த கதைதான். 1966 ஜனவரியில் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டால், குரல் ஒரு பக்கமும் டிரம்ஸ் ஒரு பக்கமும் லேசாக இழுத்துக் கொண்டு போவது இப்போதும் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்து போன சைமன் சும்மா இருக்கவில்லை. லண்டன் கிளப்புகளில் மார்ட்டின் கார்த்தி என்ற இளைஞர் பாடிக் கொண்டிருந்தார். பழைய பாட்டுகளைத் தேடி எடுத்து, அவற்றுக்குத் தானே ஒரு கிடார் பாணி அமைத்தவர். அவரிடம் இருந்துதான் சைமன் 'ஸ்கார்பரோ ஃபேர்' பாட்டைக் கற்றுக் கொண்டார். 1966ல் அது சைமன், கார்ஃபங்கல் எல்.பி.யில் வந்தது. பின்னால் 'தி கிராஜுவேட்' படத்திலும் வந்து உலகம் முழுக்கப் பரவியது. லேபிளில் அடைப்புக் குறிக்குள் யார்? சைமன், கார்ஃபங்கல். 'டிராட்' என்ற வார்த்தை கூட இல்லை. அது நூற்றாண்டுகள் பழைய பாட்டு. கார்த்தியின் பெயர் இல்லை என்பது அடுத்த விஷயம், பாட்டின் பாட்டி, கொள்ளுப் பாட்டிகளுக்கே இடமில்லை. கார்த்திக்கு இந்த வருத்தம் வெகு காலம் இருந்தது. 2000ம் ஆண்டில் லண்டன் கச்சேரிக்கு சைமன் அவரை அழைத்தார். இரண்டு பேரும் மேடையில் சேர்ந்து அதே பாட்டைப் பாடினார்கள். முப்பத்து நாலு வருஷம்!

இதே கார்த்தியிடம் கேட்டதை வைத்துத்தான் டிலனும் 'கேர்ள் ஃப்ரம் தி நார்த் கன்ட்ரி' எழுதினார். ஆனால் டிலன் தன் தட்டின் உறையிலேயே கார்த்தியின் பெயரைப் போட வைத்தார். சைமன் பேரில் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. 'எல் கோண்டோர் பாசா' விஷயத்தில் அவர் பெருந்தன்மையாகத்தான் நடந்து கொண்டார். பாரிஸில் ஒரு குழு வாசிக்கக் கேட்டு, பெரு நாட்டுப் பழைய நாட்டுப்புற மெட்டு என்று நம்பி 1970 எல்.பி.யில் சேர்த்தார். அது 1913ல் டானியல் அலோமியா ரோப்ளெஸ் என்பவர் ஒரு இசை நாடகத்துக்கு அமைத்தது. அமெரிக்காவில் 1933லேயே பதிவும் ஆகியிருந்தது. அவர் மகன் வழக்குப் போட்டார். சச்சரவில்லாமல் முடிந்தது, ரோப்ளெஸ் பெயர் ஏறியது. அந்த ரோப்ளெஸே ஆண்டிஸ் மலைப் பகுதிகளில் அலைந்து நாட்டுப்புற மெட்டுகளைச் சேகரித்தவர் என்பதையும் சொல்லி விடுகிறேன். இதில் எது ஆறு, எது கிளை என்று பிரிப்பது லேசான வேலை இல்லை.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த தட்டுக்கு வருகிறேன். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலக் குழுவின் 'லீஜ் அண்ட் லீஃப்', 1969 டிசம்பர். அந்த ஆண்டு மே மாதம் பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்து லண்டன் திரும்பும்போது இவர்களுடைய வேன் நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்து போனார், வயது 19. கிடார்காரர் ரிச்சர்ட் தாம்சனின் தோழியும் இறந்து போனார். மற்றவர்களுக்குப் பலத்த காயம். குழுவைக் கலைத்து விடலாமா என்றே யோசித்தார்கள். பிறகு கோடையில் வின்செஸ்டர் பக்கம் ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்குப் பிடித்து, புது டிரம்ஸ்காரரோடும் வயலின்காரர் டேவ் ஸ்வார்பிரிக்கோடும் உட்கார்ந்தார்கள். பழைய பாட்டுகளை பழையபடி வாசிக்க முடியவில்லை என்று, அதை விடப் பழைய பாட்டுகளுக்குப் போனார்கள். பாஸ் கிடார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப் பெயரில் உள்ள இல்லத்தின் நூலகத்தில் போய்த் தேடினார்.

எட்டுப் பாட்டில் ஐந்துக்குக் கீழே 'டிராட்'. 'மேட்டி குரோவ்ஸ்' பிரபுவின் மனைவி கள்ளக் காதலனோடு பிடிபடும் கதை, இரண்டு கொலை, எட்டு நிமிடம். கதை முடிந்த பிறகு வயலினும் கிடாரும் வெறி பிடித்த மாதிரி ஆட்டம் போடும் பாருங்கள், சும்மா சொல்லக் கூடாது. 'டாம் லின்' பாட்டில், தேவதைகளின் ராணியிடம் சிக்கிய காதலனை ஒரு பெண் மீட்கிறாள். அவன் அவள் கையிலேயே மிருகம் மிருகமாக மாறுகிறான், அவள் பிடித்த பிடியை விடுவதில்லை. சாண்டி டென்னி அதைக் குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வது போலப் பாடுகிறார். அந்த அம்மாள் 1978ல், 31 வயதிலேயே போய் விட்டார். தட்டு கடைக்கு வருவதற்குள் அவரும் ஹட்சிங்ஸும் குழுவை விட்டே விலகி விட்டார்கள் என்பது தனிக் கதை. ஸ்வார்பிரிக் ஆயுள் கெட்டி. 1999ல் ஒரு லண்டன் பத்திரிகை அவர் இறந்து விட்டதாக நினைத்து இரங்கல் கட்டுரையே போட்டு விட்டது. மனுஷன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து, அந்தக் கட்டுரையின் நகல்களில் கையெழுத்துப் போட்டு ரசிகர்களிடம் விற்றார்! இறந்தது 2016ல்.

இந்தத் தட்டின் உறையை விரித்தால் உள்ளே பாடகர்கள் படம் இல்லை. பாட்டு சேகரித்தவர்களைப் பற்றியும், கிராமத்துச் சடங்குகளைப் பற்றியும் படத்தோடு குறிப்புகள். பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற ஹார்வர்டு பேராசிரியர் அதில் ஒருவர். பாஸ்டனில் கப்பலுக்குப் பாய் தைப்பவரின் மகன். 305 கதைப்பாடல்களை, கிடைத்த வடிவங்களோடெல்லாம், 1882 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். 'டாம் லின்' அதில் 39வது, 'மேட்டி குரோவ்ஸ்' 81வது. 'ஸ்கார்பரோ ஃபேர்' பாட்டின் மூதாதை 2வது. இன்னொருவர் செசில் ஷார்ப். 1903ல் சாமர்செட்டில் ஒரு பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு எழுதிக் கொண்டதில் அவருடைய வேலை தொடங்கியது. தோட்டக்காரர் பெயர் ஜான் இங்கிலாந்து. நான் வைத்த பெயர் இல்லை, நிஜமாகவே அதுதான்.

பெண்டாங்கிள் குழுவின் 'பாஸ்கெட் ஆஃப் லைட்' தட்டையும் சங்கீதம் படிக்கும் மாணவர்கள் கேட்க வேண்டும். அதுவும் 1969. 'லைட் ஃபிளைட்' பாட்டில் கண்டமும் மிஸ்ரமும் மாறி மாறி வரும். தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள், கை தடுமாறும். சைல்ட் தொகுப்பின் 243வது பாட்டுக்கு ஜான் ரென்போர்ன் சிதார் வாசித்திருக்கிறார். நம்மவர்கள் காதுக்கு அது சுமார்தான்.

கடைசியாக ஒரு சின்ன 45. அனிமல்ஸ் குழுவின் 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்', 1964. ஒரே டேக்கில் பதிவானது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம். குழுவில் ஐந்து பேர். லேபிளில் 'டிராட்' போட்டு, இசையமைப்பு என்று ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ் பெயர் மட்டும். லேபிளில் ஐந்து பெயருக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டதாம். ராயல்டி அவருக்கே போயிற்று. மற்ற நால்வரின் மனக்குறை பிரசித்தம். இவர்களுக்கு முன் டிலன் 1962ல் அதைத் தன் முதல் எல்.பி.யில் பாடினார். அந்த அமைப்பு அவர் நண்பர் டேவ் வான் ராங்க்குடையது, அவரைக் கேட்காமலே எடுத்துக் கொண்டது.

இவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் ஒரு பெண் இருக்கிறாள். 1937ல் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு யந்திரத்தைத் தூக்கிக் கொண்டு கென்டக்கி மாநிலத்தில் சுற்றினார். மிடில்ஸ்பரோ ஊரில் ஜார்ஜியா டர்னர் என்ற சுரங்கத் தொழிலாளியின் மகள், பதினாறு வயது, வாத்தியம் எதுவும் இல்லாமல் இந்தப் பாட்டைப் பாடினாள். லோமாக்ஸ் 1941ல் புத்தகத்தில் அச்சிட்டபோது அவள் பெயரையும் போட்டார். அங்கிருந்துதான் பாட்டு நகரத்துப் பாடகர்களுக்குப் பரவியது. என் கையில் உள்ள லேபிளில் அவள் பெயர் இல்லை. 'டிராட்' என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சுருக்கத்துக்குள் அவள் இருக்கிறாள். 1969ல் ஜார்ஜியா டர்னர் இறந்தபோது அந்தப் பாட்டு உலகமெங்கும் ஒலித்துக் கொண்டிருந்தது.

சித்தப்பா மகளிடம் இதைச் சொன்னேன். லேபிளும் உறையும் போனில் இப்படிக் கண்ணில் படுவதில்லை, தேடிப் போனால்தான் கிடைக்கும், அதனால் பெட்டி இருக்கட்டும் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து விட்டு, "அந்தப் பொண்ணு பாடினது பெட்டியில இருக்காண்ணா?" என்று கேட்டாள். இல்லை. ஆனால் லோமாக்ஸின் கென்டக்கி ஒலிப்பதிவுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அவளே அன்று ராத்திரி கண்டுபிடித்து எனக்கு அனுப்பினாள். பெட்டி கல்லூரி நூலகத்துக்கு வருவதில் அவளுக்கு இப்போது ஆட்சேபணை இல்லை. முதல்வர் ஐயா அலமாரி ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லி விட்டேன், இனி அவர் பின்வாங்க முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு இயற்பியல் கேலரியில் பிளேயரை வைத்திருப்பேன். முதலில் போனில் ஜார்ஜியா டர்னர், அப்புறம் 45, அதன் பிறகு 'லீஜ் அண்ட் லீஃப்' இரண்டாம் பக்கம். வருகிறவர்கள் வரலாம். ஊசி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, தயவு செய்து யாரும் கை வைக்காதீர்கள்.