உயில் எழுதச் செலவு எவ்வளவு?



உயில் எழுத வழக்கறிஞரிடம் போனால் சில நூறு வெள்ளி ஆகுமே என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் ஏராளம். எழுதாமல் விட்டால் ஆகும் செலவையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால், 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டமே சொத்தைப் பிரிக்கிறது. கணவர் இறந்தால் மனைவிக்குக் கால் பங்கு, அவரின் பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. குடியிருக்கும் வீடு ஒன்றே சொத்தென்றால், அதில் மனைவிக்கு உரியது நான்கில் ஒன்றுதான். சொத்தை நிர்வகிக்க நீதிமன்ற அனுமதி கேட்டால், பொதுவாக இரண்டு பிணையாளர்களும் வேண்டும். பிணை என்றதும் நெருங்கிய உறவும் ஒதுங்கிக்கொள்ளும்.

வழக்கறிஞர் இல்லாமல் எழுதிய உயிலும் செல்லும். ஆனால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் எழுதிய பங்கு கிடைக்காது. மருமகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், மகனுக்கு எழுதியது போய்விடும்! கட்டணம் கொடுப்பது இப்படிப்பட்ட பிழைகளைத் தவிர்க்கத்தான்.

பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உயிலைப் பாதுகாக்க ஆண்டுக் கட்டணம் உண்டா? திருத்தினால் எவ்வளவு? நிறுவனமே நிர்வாகியானால் சொத்தில் எத்தனை விழுக்காடு எடுக்கும்?

ஊழியர் சேமநிதிக்குத் தனியாக வாரிசு நியமனம் செய்யுங்கள். உயில் அதை மாற்றாது. திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் பொதுவாக ரத்தாகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.