வலியும் பொறுமையும்



சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி நீக்கிவிட்டு, அவ்விடத்தில் உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன மூட்டினைப் பொருத்தினார்கள். அறுவை இனிதே முடிந்தது. மூட்டைச் சுற்றிப் போட்ட மரத்துப்போகும் ஊசியினால் முதல் நாள் அவர் வலியை அவ்வளவாக அறியவில்லை. மூன்றாம் நாளோ, இயன்முறை மருத்துவர் வந்து காலை மடக்கச் சொன்னபோது, அவரால் சிறிதும் இயலவில்லை. முகம் வெளிறியது, கண்களில் நீர் கோத்தது. அப்பொழுதும் அவர் வாயில் வந்த சொல் ஒன்றே: "பரவாயில்லை."

அன்று மாலை படுக்கை விரிப்பை மாற்றிய செவிலியர், தலையணை உறைக்குள்ளிருந்து ஆறு மாத்திரைகளை எடுத்தார். விழுங்கிவிட்டதாகச் சொல்லி அம்மா ஒளித்து வைத்தவை அவை.

"ஏனம்மா இப்படிச் செய்தீர்கள்?" என்றேன்.

"வலி மருந்து பழகிவிட்டால் ஆளை விடாதாமே, அப்பா. கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போகிறது" என்றார்.

அவருடைய அச்சம் அடியோடு ஆதாரமற்றது அன்று. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினியாகிறது. அதிலிருந்து மார்பின் என்னும் பொருளை ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார். அபினி வகை மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் வலியை அடக்குகின்றன. ஆயின் உறக்கம், குமட்டல், மலச்சிக்கல் ஆகியவற்றையும் உடன் கொண்டுவருகின்றன; அளவு மிஞ்சினால் மூச்சையே தளரச் செய்கின்றன; நெடுநாள் உண்டால் அடிமைப்படுத்தவும் கூடும். அமெரிக்காவில் 1990-களின் இறுதியிலிருந்து இவற்றைத் தாராளமாக எழுதிக் கொடுத்ததனால் பரவிய பழக்கம் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது.

ஆனால் தலையணைக்குள் கிடந்த மாத்திரைகள் அந்தக் குலத்தைச் சேர்ந்தவை அல்ல. சில பாராசிட்டமால், சில வீக்கத்தைத் தணிப்பவை. வேறுபாடு அறியாமையால் அம்மா இரண்டையும் ஒன்றெனக் கருதிவிட்டார்.

வலி பயணம் செய்யும் வழியை நோக்குவோம். தசையும் எலும்பும் வெட்டுண்ட இடத்தில் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரக்கிறது. அது நரம்பு முனைகளைக் கூருணர்வு கொள்ளச் செய்கிறது. மெல்லத் தொட்டாலும் வலிக்கிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்பொருள் உண்டாவதையே தடுக்கின்றன என்று ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபெல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். அடுத்து, நரம்பின் வழியை மரத்துப்போகும் ஊசி அடைக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடப் பகுதிகளில் வேலை செய்வதாகக் கருதப்படுகிறது. பனிக்கட்டி ஒத்தடமும் தன் பங்கினைச் செய்கிறது. பெருவெள்ளத்தை ஏரிக்கரையில் மட்டும் தடுக்க முயலாமல், வாய்க்கால்தோறும் மடை வைத்துத் தணிப்பது போன்றது இம்முறை.

இது வெறும் கருத்தன்று. டென்மார்க்கின் 6 மருத்துவமனைகளில், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 556 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. பாராசிட்டமால் மட்டும் பெற்றவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் நடுத்தரமாக 36 மில்லிகிராம் மார்பின் வேண்டியிருந்தது. அதனோடு இபுபுரூபனும் சேர்த்துப் பெற்றவர்களுக்கோ 20 மில்லிகிராமே போதுமாயிற்று. கடும் வலிக்குச் சில நாள் சிறு அளவில் அபினி வகை மருந்து தேவைப்படலாம், அது தவறன்று. அதன் தேவையைக் குறைப்பதே நோக்கம்.

இம்மருந்துகளை வலி முற்றிய பின் தேடுவதைவிட, கடிகாரம் பார்த்து உண்பதே நலம். புதிய மூட்டு முதல் நாட்களிலேயே அசைய வேண்டும். இல்லையேல் தழும்புத் திசு இறுகி மூட்டு விறைத்துவிடலாம். படுத்தே கிடந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் இடரும் கூடும். ஆகவே மருந்து உண்பது உறங்குவதற்கு மட்டும் அன்று, நடப்பதற்காக.

இவையும் தீங்கற்றவை என எண்ணிவிடலாகாது. வீக்கம் தணிப்பவை இரைப்பையைப் புண்ணாக்கலாம். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கேடு செய்யலாம். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதை மறத்தலாகாது. எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அன்றிரவு முதல் அம்மா வேளை தவறாமல் மருந்து உண்டார். ஐந்தாம் நாள் வாக்கரைப் பற்றிக்கொண்டு தாழ்வாரத்தின் கோடி வரை நடந்தார். "பூஜ்யம் முதல் பத்து வரை, வலி எவ்வளவு அம்மா?" என்று செவிலியர் கேட்டார். அம்மா சற்று நின்று எண்ணிப் பார்த்து, "நான்கு" என்றார். அவர் தம் வலியை ஓர் எண்ணாகச் சொன்னது அதுவே முதல் முறை.

உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ புதிய மூட்டோடு வீடு திரும்பினால், மருந்துச் சீட்டைப் படித்து வேளை குறித்துக் கொடுங்கள். வலியின் அளவைக் கேளுங்கள். "பரவாயில்லை" என்று பதில் வந்தால், அருகில் அமர்ந்து இன்னும் ஒருமுறை கேளுங்கள்.