பூட்டிய தொலைபேசி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"நீர் வைத்தியர்தானே, நீரிழிவு பற்றியோ இருதயம் பற்றியோ ஏதாவது பேசும்" என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டார். அவர் என் வகுப்புத் தோழி, மறுக்க முடியாது. ஆனால் இப்படியொரு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீரிழிவு பற்றிக் கேட்க ஒருவருக்கும் விருப்பம் இராது. ஆகவே உங்கள் கைப்பைக்குள் இருக்கும் தொலைபேசியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஸ்மார்ட் போன் என்று எதைச் சொல்கிறோம்? கமெரா நல்லது, நினைவகம் பெரிது, விலை இரண்டு மாதச் சம்பளம் என்பார்கள். விபத்துப் பிரிவில் வேலை செய்தவள் என்ற வகையில் என்னுடைய அளவுகோல் வேறு. தொலைபேசியின் சொந்தக்காரிக்கு நினைவில்லை. திரை பூட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அது எங்களுக்கு என்ன சொல்லும்?

ஒருநாள் மாலை வீதி விபத்தில் அடிபட்ட ஒரு பெண்ணை முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்தார். தலையில் காயம், பேச்சில்லை. கைப்பையில் அடையாள அட்டை, பஸ் ரிக்கற், நல்ல விலையுள்ள ஒரு தொலைபேசி. அடையாள அட்டை பெயரையும் முகவரியையும் சொல்லும். யாருக்கு அறிவிப்பது, என்ன மருந்து எடுக்கிறார் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருந்திருக்கும். தொலைபேசிக்குள்ளும் எல்லாம் இருந்திருக்கும்: மருந்துச் சீட்டின் படம், கணவரின் இலக்கம், குடும்பத்து வட்ஸ்அப் குழுக்கள். எங்களுக்குத் தெரிந்ததோ பூட்டுப் படம் மட்டும்.

"அவவின்ரை விரலை வைச்சுத் திறக்கேலாதோ?" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். நினைவில்லாத ஒருவரின் விரலைப் பிடித்து அவருடைய அந்தரங்கத்தைத் திறப்பது சரியென்று எனக்குப் படவில்லை. அதுவுமல்லாமல், அணைந்து மீண்டும் இயங்கிய தொலைபேசி விரலை ஏற்காது; இரகசிய எண்ணைத்தான் கேட்கும். எங்கள் தாதி ஒருவர் செய்ததுதான் கெட்டித்தனம். பற்றரி தீரப்போகிறது என்று கண்டு, எங்கோ ஒரு சார்ஜர் தேடிப் பொருத்திவிட்டு, யாராவது அழைக்கட்டும் என்று பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பூட்டியிருந்தாலும் வரும் அழைப்பை யாரும் எடுக்கலாம் அல்லவா? நாற்பது நிமிடம் கழித்துத் திரையில் "அம்மா" என்று வந்தது. அந்தத் தாய் சொல்லித்தான், மகளின் காலில் இரத்தம் கட்டியதற்காக வார்பரின் கொடுக்கப்படுவது தெரிந்தது. வார்பரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. தலைக்குள் கசிவு தொடங்கினால் அது இலகுவில் நிற்காது; மாற்று மருந்தை உடனே கொடுக்க வேண்டும். கொடுத்தோம். அவர் சில வாரங்களில் நடந்தே வீடு போனார். ஆனாலும் அந்த நாற்பது நிமிடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. படங்களும் வங்கிக் கணக்கும் உள்ளே இருக்கின்றன. பெண்களுக்குப் பூட்டு அவசியம். 2005ஆம் ஆண்டில் பொப் புரொட்சி என்ற பிரித்தானிய அம்பியுலன்ஸ் ஊழியர் ஒரு சுலபமான யோசனை சொன்னார். அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் இலக்கத்தை "ஐசிஈ" என்ற பெயரில் சேமித்து வையுங்கள் என்றார். அந்த ஆண்டு ஜூலை 7ஆம் திகதி லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது உலகமெங்கும் பரவியது. அந்தக் காலத்துப் பொத்தான் தொலைபேசிகளைப் பெரும்பாலும் யாரும் எடுத்துப் பார்க்கலாம்; அதனால் பயன் இருந்தது. பிறகு இரகசிய எண்ணும் கைரேகையும் வந்தன. "ஐசிஈ" பூட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டது.

அந்தக் குறையை உணர்ந்துதான் 2014இல் ஐபோனிலும் 2016இல் அன்ட்ரொயிட் 7இலும் பூட்டிய கதவில் ஒரு சிறு யன்னல் வைத்தார்கள். பூட்டுத் திரையில் "எமர்ஜென்சி" என்பதைத் தொட்டால், நீங்கள் எழுதி வைத்ததை மட்டும் அந்நியர் ஒருவர் வாசிக்கலாம். வேறெதுவும் திறக்காது. ஆனால் கடையில் வாங்கும்போது அந்த யன்னல் வெறுமையாக இருக்கும். நான் பார்த்த தொலைபேசிகளில் அநேகமானவை இன்னும் அப்படியே இருக்கின்றன.

ஐபோன் வைத்திருப்பவர்கள் "ஹெல்த்" செயலியில் "மெடிக்கல் ஐடி"க்குப் போங்கள். பூட்டியிருக்கும்போதும் காட்டு என்ற தெரிவு இயங்குகிறதா என்று பாருங்கள். அன்ட்ரொயிட்டில் "செற்றிங்ஸ்" உள்ளே "சேஃப்டி அன்ட் எமர்ஜென்சி" என்று இருக்கும். சில தொலைபேசிகளில் பெயர் சற்று மாறும்.

என்ன எழுதுவது? உங்கள் சரித்திரம் எங்களுக்கு வேண்டாம். முதல் ஒரு மணித்தியாலத்தில் எங்கள் சிகிச்சையை மாற்றக்கூடியதை மட்டும் எழுதுங்கள்: வார்பரின் போன்ற மருந்துகள், இன்சுலின், வலிப்பு மருந்து, பென்சிலின் ஒவ்வாமை, பேஸ்மேக்கர். இன்சுலின் எடுப்பவர் சீனி குறைந்து தள்ளாடும்போது குடித்திருக்கிறார் என்று வீதியில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஒரு சொல் அவரைக் காப்பாற்றும். மருந்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். உங்களைப் பார்க்கும் வைத்தியருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். இரத்த வகையை எழுதினால் நல்லது, ஆனால் அதை நம்பி ஒருவரும் உங்களுக்கு இரத்தம் ஏற்ற மாட்டார்கள். வழமையாகப் பரிசோதித்துத்தான் ஏற்றுவோம்.

ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "பிள்ளைக்கு வலிப்பு எண்டு போனிலை எழுதினால், கலியாணம் பேச வாறவை பாத்திடுவினமே, டொக்டர்?" அந்தப் பயம் அர்த்தமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன், ஊர் எனக்கும் தெரியும். நோயின் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் எழுதச் சொன்னேன். எங்களுக்கு அது போதும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு இன்னொன்று. அவசரத் தொடர்பாக ரொறன்ரோவிலிருக்கும் மகளை மட்டும் போடாதீர்கள். இங்கே பகல் என்றால் அங்கே இரவு. அவர் தொலைபேசியை மௌனமாக்கிவிட்டுத் தூங்குவார். தங்கியிருக்கும் வீட்டார் ஒருவரின் இலக்கத்தையும் சேருங்கள். எந்த இலக்கத்தையும் நாட்டுக் குறியீட்டோடு, இலங்கை என்றால் +94 என்று தொடங்கி, சேமியுங்கள். அப்போதுதான் எந்த நாட்டிலிருந்தும் அது வேலை செய்யும்.

பொத்தான் தொலைபேசி வைத்திருக்கும் அம்மாமாருக்கு இந்த யன்னல் இல்லை. சிறு காகிதத்தில் இரண்டு இலக்கமும் மருந்தின் பெயரும் எழுதித் தொலைபேசியின் பின்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அதோடு 1990 என்ற இலக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள். "சுவசெரிய" அம்பியுலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் எங்கள் பக்கத்துக்கும் வந்தது. கட்டணம் இல்லை.

செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அடுத்தது தேநீர் இடைவேளை. உயர்தர வகுப்பு மாணவியர் சிலரை மண்டபத்தின் பின்பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். எந்தத் தொலைபேசியில் எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள். மருந்துப் பெயர் நினைவில்லாதவர்கள் வீட்டுக்கு அழைத்து, பெட்டியைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கொண்டுவர மறந்த அக்காமார் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.