கடைசிக் குழாயில் குளோரின்

நான் தலைமை தாங்கும் இந்தக் குடிநீர்க் கருத்தரங்கில் ஓசோன், புற ஊதாக்கதிர், சவ்வு வடிகட்டல் என்று நிகழ்ச்சி நிரல் நிறைந்திருக்கிறது. அவற்றைக் கற்றவர்கள் பேசுவார்கள். நூறாண்டு கடந்த பழைய மருந்தான குளோரினைப் பற்றியும், அதை எழுதிவைக்கும் பதிவேட்டைப் பற்றியும் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ ஐயாயிரம். 2000 மே மாதம் அங்கே கனமழை கொட்டியது. மாட்டு எருவிலிருந்த ஈ.கோலை ஓ157 கிருமி, ஆழமில்லாத ஐந்தாம் எண் கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேர் வரை நோயில் விழுந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் எருவை முறைப்படியே கையாண்டார், அவர்மேல் குற்றமில்லை என்றது நீதிபதி ஓ'கானரின் விசாரணை. நாள்தோறும் அளக்க வேண்டிய மீதக் குளோரினை ஊரின் குடிநீர் ஊழியர்கள் பெரும்பாலான நாட்கள் அளக்கவே இல்லை. பதிவேட்டில் மட்டும் 0.5, 0.75 என்று மாறி மாறி ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வகம் கிருமி இருப்பதாகச் சொன்ன பிறகும் பொறுப்பாளர் அதை மறைத்தார். இத்தனைக்கும் அந்த ஊழியர்கள் குளோரின் போடாத கிணற்று நீரைத் தாங்களே விரும்பிக் குடித்தவர்கள்! ‘நம்ம ஊர்த் தண்ணிக்கு என்ன குறை’ என்ற அந்த நம்பிக்கைதான், பொய்க்கணக்கைவிட எனக்கு அச்சம் தருகிறது.

நம் நிலைக்கு வருவோம். ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறோம். புதுச் சரக்கில் எடையில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து மோட்டார் அறையில் ஈரத்தில் போட்டுவைத்தால் சில வாரங்களில் பெரும்பாலும் சுண்ணாம்புதான் மிஞ்சும். அளவு சரி, பதிவேடு சரி. தண்ணீரில்தான் மருந்து இருக்காது. தேறும் குளோரினும் உடனே வேலை செய்துவிடாது. நீர் தெளிந்திருக்க வேண்டும், கார அமில எண் 8-ஐத் தாண்டக்கூடாது, அரைமணி நேரமாவது கலந்து நிற்க வேண்டும். நேரம் இல்லாமல் கிருமி சாகாது என்பதை ஆய்வாளர் ஹாரியட் சிக் 1908-லேயே கணக்காக எழுதிவைத்தார்.

அதற்கப்பால் குழாய். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் ஊர்களில் மற்ற நேரமெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. அழுத்தம் இறங்கியதும் இணைப்புகளின் கசிவு வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே ஏறும். போதாததற்கு, வீட்டு இணைப்பில் அடிபம்பும் மோட்டாரும் வைத்து உறிஞ்சுகிறோம். நிலையத்தில் அப்பழுக்கற்றுப் புறப்பட்ட நீர், தெருக்கோடியில் வேறு நீராக இறங்குகிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மீதக் குளோரின் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது பயனாளியின் முனையில். நாமோ தொட்டியடியில் பிடித்த நீரில் ஆர்த்தோடாலிடின் (ஓ.டி.) சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் கண்டு, மனநிறைவோடு திரும்பிவிடுகிறோம். ஏணி ஏறாமல், வெயிலில் நடக்காமல் முடிகிற சோதனை அது.

மழை பெய்த மறுநாள் குளோரின் தேவை கூடும். கோடையில் மீதம் சீக்கிரம் கரையும். ஆகவே ஆண்டு முழுதும் ஒரே எண்ணைக் காட்டும் பதிவேட்டை நான் நம்புவதில்லை. அடிக்கடி தடுமாறும் எண்களைக் கண்டால், யாரோ உண்மையில் அளந்திருக்கிறார் என்று நிம்மதி வருகிறது. அவரைப் பாராட்டாமல் ‘ஏன் குறைந்தது’ என்று விளக்கம் கேட்டு ஓலை அனுப்புவது நம் வழக்கம். அடுத்த மாதம் எண் ஒழுங்காகிவிடும், தண்ணீர் அப்படியே இருக்கும்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். முடிவுகளைச் சொல்லுமுன், மாதிரியை எந்தக் குழாயில், தண்ணீர் திறந்த எத்தனையாவது நிமிடத்தில் பிடித்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாதவரிடம் நான் குறுக்கிட்டுக் கேட்பேன், பொறுத்தருள வேண்டும். முதல் அமர்வைத் தொடங்கலாம்.